பிரீமூவ் போடுகிறவன் மல்போலியா?

கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் சதுரங்கம் ஆடுகிற என் வயதுக்காரர்களிடையே ஒரு புது ஆசாரம் பரவி வருகிறது. பிரீமூவ் போடுவது மரியாதை இல்லையாம். புதுச்சேரிக் கடற்கரையில் மாலை நடைக்கு வருகிறவர்களில் ஐந்தாறு பேர் எங்களைப் போன்ற சதுரங்கப் பைத்தியங்கள். அவர்களில் மூன்று பேர் இதை என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார்கள். சொன்ன தோரணை, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவனைக் கண்டிப்பது போல இருந்தது. எனக்கு இதில் துளியும் உடன்பாடு கிடையாது. ஏன் என்று இங்கே எழுதிவிடுகிறேன். கடற்கரையில் சொன்னால் யாரும் என்னை முடிக்க விடுவதில்லை. எதிராளி முடிக்கும் முன் பதில் சொல்வது தப்பு என்கிறவர்கள்தான் அவர்கள் என்பதையும் கவனியுங்கள்.

ஆடிப் பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இணையச் சதுரங்கத்தில் எதிராளி யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் அடுத்த நகர்வை நான் திரையில் குறித்து வைக்கலாம். அவர் நகர்த்திய கணத்தில் என் நகர்வு தானாக நடந்துவிடும். அவர் ஆடியதால் என் நகர்வு விதிப்படி செல்லாது என்று ஆகிவிட்டால் அது ரத்தாகும். நான் மறுபடி யோசித்து ஆட வேண்டும். இதுதான் பிரீமூவ். நான் ஆடுகிற லிசெஸ் தளத்தில் ஒரு சமயத்தில் ஒரு பிரீமூவ்தான் வைக்கலாம். ஆனால் அதற்குக் கடிகாரத்தில் நேரமே கழியாது. செஸ் டாட் காம் தளத்தில் வரிசையாகப் பல நகர்வுகளை அடுக்கி வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் வினாடியில் பத்தில் ஒரு பங்கு கழியும். (லிசெஸ்ஸை 2010இல் ஆரம்பித்தவர் திபோ துய்ப்ளெஸ்ஸி என்ற பிரெஞ்சுக்காரர். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை. பிரெஞ்சுக்காரன் உருப்படியாகச் செய்த காரியம் என்று நான் சொன்னால் எங்கள் ஊரில் சிலருக்குப் பிடிக்கும், சிலருக்குப் பிடிக்காது.)

கடற்கரைக்காரர்கள் சொன்னதை நான் காற்றில் விட்டுவிட்டேன். ஆனால் பிரான்சில் இருக்கும் என் பால்ய நண்பன் சொன்னது அப்படி விடக்கூடியதாக இல்லை. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவன் எழுபதுகளில் சொல்தாவாகப் போய் அங்கேயே தங்கிவிட்டான். நாலு வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் லிசெஸ்ஸில் ஆடிக்கொண்டிருந்தோம். போன தீபாவளி சமயத்தில் ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் போன் செய்தான். "என்னடா, நான் பேசி முடிக்கறதுக்குள்ள பதில் சொல்ற. என் நகர்வ நீ பாக்கவே இல்ல. எதுக்குடா அப்ப நான்? மல்போலி!" என்றான். மல்போலி என்றால் மரியாதை தெரியாதவன். எங்கள் மிசே வகுப்பில் எங்களை அடிக்கும் முன் சொல்கிற சொல். அதற்குப் பிறகு அவன் ஆட வரவில்லை. பேசுகிறான், பேரப்பிள்ளை விசாரிக்கிறான், ஆட மட்டும் வருவதில்லை.

ஆகையால் இதை விளையாட்டு விஷயம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறதா என்று பல நாள் யோசித்தேன். இல்லை என்பதே என் முடிவு.

முதலில், சதுரங்க மரியாதை என்று நாம் எதைச் சொல்கிறோம்? மரப்பலகையில் ஆடுகிறபோது ஒரு காயை நேராக்கி வைக்க வேண்டுமானால் தொடும் முன் "ழாதூப்" என்று சொல்ல வேண்டும். உலகம் முழுக்க இதைப் பிரெஞ்சிலேயே சொல்கிறார்கள். சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிப்புத்தகத்திலும் அந்தச் சொல் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பையன்கள் அதை "ஜடூப்" என்று ஏதோ மந்திரம் போல உச்சரிப்பார்கள், பரவாயில்லை. அந்த மரியாதை எங்கிருந்து வந்தது? தொட்ட காயை ஆடியே தீர வேண்டும் என்ற விதியிலிருந்து. அந்த விதி எங்கிருந்து வந்தது? விரலும் காயும் ஒரே பலகையும் இருப்பதிலிருந்து. திரையில் காய் சாய்வதில்லை, எனவே ழாதூப்புக்கும் வேலை இல்லை. அங்கே அதைச் சொல்லவில்லை என்று யாரும் யாரையும் மரியாதை கெட்டவன் என்பதில்லை. பிரீமூவ் விஷயத்தில் மட்டும் பலகையின் ஆசாரத்தைத் திரைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மரப்பலகையில் முந்திக்கொண்டு ஆடுவது தப்புதான், அதை நான் மறுக்கவில்லை. 2008இல் அமெரிக்காவின் துல்சா நகரில் அந்நாட்டுப் பெண்கள் சாம்பியன் பட்டத்துக்கு ஐரினா கிரஷ், அன்னா சடோன்ஸ்கிக் இருவரும் சமனாக வந்து, கடைசியில் ஒரே ஒரு அதிவேக ஆட்டத்தில் பட்டத்தைத் தீர்மானித்தார்கள். ஆட்டத்தின் முடிவில் இருவர் கையும் பலகைமேல் பறக்கிறது. கிரஷின் நேரம் முடிந்தபோது சடோன்ஸ்கிக்கிடம் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வினாடி. கிரஷ் கோபத்தில் காயைத் தட்டிவிட்டார். பிறகு அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, தான் நகர்த்தி முடிக்கும் முன்பே எதிராளி தன் காயை நகர்த்தினார் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். பட்டம் சடோன்ஸ்கிக்கிடமே இருந்தது. சதுரங்க உலகம் அதைப் பற்றி மாதக்கணக்கில் சண்டை போட்டது.

அந்தச் சண்டையின் சாரம் என்ன என்று பாருங்கள். நகர்த்தியவர் தன் கடிகாரத்தை அழுத்த அனுமதிக்கப்பட வேண்டும், எதிராளி பதிலை ஆடிவிட்டாலும் அந்த உரிமை உண்டு என்று விதியே சொல்கிறது. நான் என் காயை வைத்துவிட்டுக் கடிகாரத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோகும் அந்த அரை வினாடி என் நேரத்திலிருந்துதான் ஓடுகிறது. அதற்குள் நீங்கள் ஆடிவிட்டால், உங்கள் பதில் என் செலவில் நடந்தது. நான் குழம்பிப்போய் அழுத்தாமல் நின்றால் இன்னும் நஷ்டம். ஆக, பலகையில் முந்துகிறவன் எதிராளியின் நேரத்தைத் திருடுகிறான்.

திரையில்? எதிராளி காயை விட்ட கணத்தில் அவர் கடிகாரம் தானே நின்றுவிடுகிறது. அவர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. என் பிரீமூவ் நடப்பது அதற்குப் பிறகு. அவர் சேமிப்பிலிருந்து ஒரு வினாடியும் குறையவில்லை. நான் என்னுடையதைச் செலவழிக்கவில்லை, அவ்வளவே. அடுத்த வீட்டுக்காரன் சிக்கனமாக இருப்பது என்னைக் கொள்ளையடித்ததாக ஆகுமா?

"நேரம் கிடக்கட்டும், என் நகர்வைப் பார்க்காமலே ஆடுகிறாயே, அதுதான் அவமானம்" என்பது அடுத்த குற்றச்சாட்டு. நண்பன் சொன்னதும் இதைத்தான்.

பார்க்காமல் ஆடுகிறேன் என்பது உண்மைதான். அதற்கு என்ன விலை கொடுக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஓர் எடுத்துக்காட்டு. ஆட்டம் தொடங்குகிறது. வெள்ளை, ராணிக்கு முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. கருப்பு, ராஜா பக்கத்துக் குதிரைக்கு முன்னிருக்கும் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுகிறது. அடுத்து கருப்பு தன் மந்திரியை அந்தச் சிப்பாய் காலி செய்த ஜி7 கட்டத்தில் வைப்பது நூற்றுக்கு எண்பது பேர் செய்வது, ஆகவே பிரீமூவ் வைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மோப்பம் பிடித்த வெள்ளை தன் மந்திரியை நேராக எச்6இல் கொண்டுவந்து போடுகிறது. கண்ணால் பார்த்து ஆடுகிறவனுக்கு அது இலவச மந்திரி. குதிரையாலும் வெட்டலாம், மந்திரியாலும் வெட்டலாம். ஆனால் பிரீமூவ் வைத்தவனின் மந்திரி அப்பாவியாக ஜி7இல் போய் உட்காரும். வெள்ளை அதை வெட்டும். மூலையில் இருக்கும் யானைக்கு ஓட வழியில்லை, அதுவும் போகும். மூன்றாவது நகர்விலேயே ஆட்டம் முடிந்த மாதிரி.

இதில் இரண்டு பேருமே பந்தயம் கட்டியிருக்கிறார்கள். கருப்பு பிரீமூவ் வைக்காமல் இருந்திருந்தால் வெள்ளைக்கு மந்திரி நஷ்டம். எதிராளி என்ன நினைக்கிறான், எங்கே அவசரப்படுவான், எங்கே சோம்பல்படுவான் என்று இரண்டு பேரும் ஒருவர் மனதை ஒருவர் படிக்கிறார்கள். இதை எப்படி "என்னைப் பார்க்கவே இல்லை" என்று சொல்ல முடியும்? உன் நகர்வைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தேன். பிரீமூவ் வைத்தவன் தன் கழுத்தை நீட்டிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறான். வெட்டத் தெரிந்தால் வெட்டிக்கொள்ள வேண்டியதுதானே?

இன்னொன்று. ராஜாவுக்கு செக். ஒதுங்க ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அல்லது ராணியை ராணியால் வெட்டியாயிற்று, திருப்பி வெட்டாவிட்டால் ஆட்டமே இல்லை. இந்த இடத்தில் கன்னத்தில் கைவைத்து மூன்று வினாடி யோசிப்பதுபோல நடித்துவிட்டு ஆடுவதா மரியாதை? நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அதிகாரி கையெழுத்துப் போடும் முன்பே உத்தரவை டைப் செய்து தயாராக வைத்திருப்போம். கோப்பு மேலிருந்து இறங்கிய பத்தாவது நிமிடம் தபாலில் போகும். அந்தக் குமாஸ்தாவைச் சுறுசுறுப்பானவன் என்றுதான் சொன்னார்கள். அதிகாரி வேறு மாதிரி முடிவெடுத்தால் டைப் செய்ததைக் கிழித்துப்போட்டு மறுபடி அடிக்க வேண்டியது அந்தக் குமாஸ்தாவின் பாடு.

இப்போது நண்பனுக்கு நேராகவே ஒன்று சொல்ல வேண்டும். அவன் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவன், எனவே முதுகுக்குப் பின்னால் பேசியதாக ஆகாது.

அவன் பிரான்சுக்குப் போன புதிதில் நாங்கள் ஏரோகிராமில் சதுரங்கம் ஆடினோம். ஒரு கடிதத்துக்கு ஒரு நகர்வு. இங்கிருந்து போய்ச்சேரப் பத்து நாள், அங்கிருந்து வரப் பத்து நாள், சில சமயம் இன்னும் கூட. அந்தக் கணக்கில் ஓர் ஆட்டம் முடிய இரண்டு வருடம் பிடிக்கும். எனவே அஞ்சல் வழிச் சதுரங்கத்தில் எல்லாரும் செய்ததை அவனும் செய்தான். நிபந்தனை நகர்வு எழுதினான். "நீ வெட்டினால் நான் குதிரையால் திருப்பி வெட்டுகிறேன். அதற்கு நீ ராஜாவை ஒதுக்கினால், நான் செக் வைக்கிறேன்" என்று, "ஸி" என்று தொடங்கும் நாலைந்து வரிகள் கடிதத்தின் கீழே இருக்கும். பல சமயம் நான் நினைத்துக்கூடப் பார்க்காத நகர்வுக்கு அவன் பதில் எழுதி வைத்திருப்பான். நான் வாய் திறக்கும் முன் பதில்! அப்போது எனக்குக் கோபம் வரவில்லை. இவன் எவ்வளவு தூரம் பார்க்கிறான் என்று வியந்தேன். ஏரோகிராம் செலவு மிச்சம் என்று சந்தோஷமும்பட்டேன்.

"அது வேறு, இது வேறு" என்பான். வேறுதான். நிபந்தனை நகர்வில் எதிராளியின் நகர்வைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறோம். அவர் வேறு ஆடினால் நம் வரி செல்லாது, நஷ்டமில்லை. இன்ஷூரன்ஸ் எடுத்த பந்தயம் அது. பிரீமூவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர் எதை ஆடினாலும், என் நகர்வு விதிக்கு உட்பட்டிருந்தால் போதும், நடந்தே தீரும், என் ராணியே போனாலும். இரண்டில் எது துணிச்சல், எது வசதி? ஏரோகிராமில் வசதியை அனுபவித்தவன் திரையில் துணிச்சலைக் குறை சொல்கிறான்.

சரி, பிரீமூவின் மிக அசிங்கமான முகத்தையும் பார்த்துவிடுவோம், அதை மறைத்துவிட்டு வாதாடுவது சரியில்லை. எதிராளியிடம் ராணி இருக்கிறது, என்னிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். அவரிடம் இரண்டு வினாடி, என்னிடம் ஒன்று. நான் நேரம் செலவில்லாமல் ராஜாவை அங்கும் இங்கும் பிரீமூவில் ஓட்டுகிறேன். அவர் செக்மேட் போடும் முன் அவர் கடிகாரம் விழுகிறது. நான் ஜெயித்தேன். "இது ஆட்டமா?" என்கிறார்கள்.

இந்தக் கேள்வியை பிரீமூவிடம் கேட்பதில் அர்த்தமில்லை. அவர்களே தேர்ந்தெடுத்த நேரக்கணக்கிடம் கேட்க வேண்டும். மூன்று நிமிடம், கூடுதல் வினாடி பூஜ்யம் என்று அவர்கள்தான் பொத்தானை அழுத்தினார்கள். பக்கத்திலேயே மூன்று நிமிடமும் நகர்வுக்கு இரண்டு வினாடி இன்கிரிமெண்ட்டும் என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. அரசாங்க ஊழியனுக்கு இன்கிரிமெண்ட் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். இங்கே ஒவ்வொரு நகர்வுக்கும் கொடுக்கிறார்கள், அதை வேண்டாம் என்கிறார்கள்! நகர்வுக்கு இரண்டு வினாடி சேர்ந்துகொண்டே இருந்தால், ராணி வைத்திருப்பவர் நிதானமாக மேட் போடலாம். என் பிரீமூவ் ஓட்டம் பலிக்காது. செஸ் டாட் காமில் உலகின் பட்டம் பெற்ற ஆட்டக்காரர்கள் கூடும் செவ்வாய்க்கிழமைப் போட்டிகூடப் பல வருடம் மூன்று நிமிடமும் ஒரு வினாடியுமாகத்தான் நடந்தது. கார்ல்சனும் நாகமுராவும் பிரீமூவ் போட்டுத்தான் ஆடுகிறார்கள். யாரும் யாரையும் மல்போலி என்பதில்லை.

என் நண்பனுக்கு இன்கிரிமெண்ட் பிடிக்காது. "இழுத்துக்கிட்டே போகும், கடிகாரம் விழுந்தாதான் விறுவிறுப்பு" என்பான். நாலு வருடமும் அவன் விருப்பப்படி பூஜ்யம்தான். கடிகாரம் என் பக்கம் விழுந்தபோது விறுவிறுப்பு, அவன் பக்கம் விழுந்தபோது மரியாதைக்கேடு!

உண்மையான மரியாதைக்கேடு எது என்று கேட்டால் நான் சொல்கிறேன். பத்து நிமிட ஆட்டம். ராணி போய்விட்டது, இரண்டு நகர்வில் மேட். கடிகாரத்தில் ஆறு நிமிடம் மிச்சம். தோல்வியை ஒப்புக்கொள்ளும் பொத்தானை அழுத்த மனமில்லாமல், ஆடவும் செய்யாமல், எழுந்துபோய்க் காபி குடிக்கிறார்களே, அது. எதிர்ப்பக்கம் ஒரு மனிதன் ஆறு நிமிடம் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இதுதான் திருட்டு, அதுவும் வேண்டுமென்றே செய்கிற திருட்டு. இதையே தொடர்ந்து செய்கிறவர்களை லிசெஸ் கொஞ்ச நேரம் ஆடவிடாமல் உட்கார வைக்கிறது, அது போதாது என்பேன். கடற்கரை ஆசாரசீலர்களில் ஒருவர் இதைச் செய்கிறவர். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். போனை அணைத்துவிட்டு "நெட் போயிடுச்சி" என்பார்.

அடுத்து, எதிராளிமேல் கருணை காட்ட வேண்டும் என்கிறவர்களுக்காக லிசெஸ்ஸில் ஒரு வசதி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் எதிராளியின் கடிகாரத்தில் பதினைந்து வினாடி சேரும். போட்டித் தொடர்களில் கிடையாது, நண்பர்கள் ஆடும் சாதாரண ஆட்டத்தில் உண்டு. மரியாதை பேசுகிற யாரும் எனக்கு அந்தப் பதினைந்து வினாடியை இதுவரை தந்ததில்லை. நான் நண்பனுக்குப் பலமுறை தந்திருக்கிறேன். பிரீமூவை நிறுத்திவைக்கவும் அமைப்பில் வழி இருக்கிறது, ஆனால் அது நம்முடையதை மட்டும்தான் நிறுத்தும். மரியாதை என்று நம்புகிறவர் தன்னுடையதை நிறுத்திக்கொள்ளட்டும், நான் மெச்சுவேன். அடுத்தவன் நிறுத்த வேண்டும் என்கிறபோதுதான் எனக்குப் பிரச்சினை. கற்றுக்கொள்ளும் பிள்ளைகளோடு ஆடும்போது நானே வைப்பதில்லை, அவர்கள் நகர்வைப் பார்த்து விளக்க வேண்டியிருப்பதால்.

கடைசியாக விரல் சமாச்சாரம். எழுபதைத் தாண்டியவனுக்குக் கட்டைவிரல் சொன்னபடி கேட்காது. இருபது வயதுப் பையன் எதிராளி ஆடியதைப் பார்த்து, பிடித்து, இழுத்து, விடுவதை எல்லாம் அரை வினாடியில் முடிக்கிறான். எனக்கு இரண்டு வினாடி ஆகும், சில சமயம் காய் பக்கத்துக் கட்டத்தில் விழும். பிரீமூவில் நான் அவன் நேரத்தில் நிதானமாகக் காயை இழுத்து வைக்கலாம். தப்பாக வைத்தால் தொட்டு ரத்து செய்துவிட்டு மறுபடி வைக்கலாம். சிறுசுகளோடு சமமாக உட்கார எனக்குக் கிடைத்த ஊன்றுகோல் அது. இதை மரியாதைக்கேடு என்று சொல்கிறவர்கள் இருபது வயதுக்காரர்களாக இருந்தாலாவது புரிந்துகொள்ளலாம். கைநடுக்கத்துக்கு என்னோடு சேர்ந்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சொல்கிறார்கள்.

லிசெஸ்ஸில் இனி நான் ஆடுவது மூன்று நிமிடம், இரண்டு வினாடி இன்கிரிமெண்ட். பிரீமூவ் போடுவேன். ஜி7இல் என் மந்திரி தானாக வந்து உட்காரும் என்று தோன்றினால் எச்6இல் உங்கள் மந்திரியைப் போட்டுப் பாருங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் யானையும் கிடைக்கும். இரவு எட்டரைக்கு மேல் இருப்பேன், பிரான்சில் அப்போது பொழுது சாய்ந்திருக்காது.